தோள் ஒடிந்தால்: தகடா, ஆணியா, தூளியா?



என் பெரியம்மாவின் தோள் ஒடிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். கதை கேட்கும்போதே உங்கள் வீட்டில் நடந்தது போலத் தோன்றினால் வியப்பில்லை.

பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். உம்பாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற மனுஷி. ஓய்வு பெற்றபின் மகனோடு தாமான் வீட்டில் இருந்தார். 72 வயதில் ஒரு நாள் விடியற்காலை, குளிக்கிற இடத்தில் சவர்க்காரத் தண்ணீரில் கால் வழுக்கி, வலது பக்கமாக விழுந்தார். "தோளு போச்சுடா தம்பி" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகள் எழுந்துகொண்டன.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேற்கை எலும்பு தோளுக்குச் சற்றுக் கீழே ஒடிந்து, கொஞ்சம் விலகியும் இருந்தது. கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளி ஒன்றில் கையைப் போட்டு, வலி மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மாவுக்கட்டு இல்லை, ஆப்பரேஷனும் இல்லை.

வீட்டில் சண்டை தொடங்கியது. "எலும்பு ஒடிஞ்சு கெடக்கு, துணியக் கட்டி அனுப்பிட்டாங்களே! நம்மகிட்ட காசு இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?" என்று பெரிய மகன் குதித்தான். மருமகளின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தகடு வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் தகடும் திருகாணிகளும் வெள்ளை வெளேரென்று தெரிந்ததைப் பார்த்தபின்தான் எல்லாருக்கும் நிம்மதி. "இதுதான் வைத்தியம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலாம் மாதம் வலி அதிகமாயிற்று. எலும்பின் தலை சரிந்து, திருகாணி முனை மூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் கத்தி. தகட்டைக் கழற்றினார்கள். இன்றுவரை பெரியம்மாவால் வலது கையை உயர்த்திக் கொண்டை போட முடியாது.

ஆப்பரேஷன் செய்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. திறமையான கையில்கூட இப்படி நேர்வது உண்டு. 'இப்படியும் ஆகுமா டாக்டர்?' என்று முன்கூட்டியே கேட்காமல் போனோமே, அதுதான் எங்கள் குறை.

ஆகவே என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 60, 70 வயது தாண்டியவருக்குத் தோள் ஒடிந்தால், பெரும்பாலோருக்குத் தூளியும் பயிற்சியும் போதும். தூளி கட்டி அனுப்புவது ஏழைக்கென்று ஒதுக்கிய மட்டமான வைத்தியம் என்ற எண்ணத்தை நாம் விட வேண்டும். ஆப்பரேஷன் கட்டாயம் வேண்டியவர்கள் சிலர் உண்டு. அவர்களை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இரண்டு சாராரும் கையை இழப்பது பெரும்பாலும் பயிற்சி இல்லாமல்தான். நாம் குரல் கொடுக்க வேண்டியது அந்தப் பயிற்சிக்காக.

ஒடிவது எது?

தோள் மூட்டு என்பது சின்னத் தட்டில் பெரிய பந்தை வைத்தது போன்ற அமைப்பு. பந்து, மேற்கை எலும்பின் தலை. தட்டு, தோள்பட்டை எலும்பில் உள்ள குழி. பந்தைச் சுற்றித் தசைநார்கள் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. தசைநார்கள் பற்றிக்கொள்ள எலும்பில் இரண்டு முண்டுகள் உண்டு. பந்துக்குக் கீழே கழுத்து, அதற்குக் கீழே தண்டு.

வயதானவர் கையை ஊன்றியோ, தோள் மோதவோ விழும்போது இந்தக் கழுத்துப் பகுதி ஒடிகிறது. வயதானவர்களுக்கு இடுப்பும் மணிக்கட்டும் ஒடிவதற்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது. வெளியே பார்த்தால் முழு எலும்பு. உள்ளே கறையான் தின்ற ரப்பர்க் கட்டை மாதிரி ஓட்டையும் வலையும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு ஏன் சில சமயம் நிற்பதில்லை என்பது இதிலேயே இருக்கிறது.

நியூயார்க் டாக்டர் சார்ல்ஸ் நீர் 1970ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். பந்து, இரண்டு முண்டுகள், தண்டு என்று நாலு பாகம். ஒரு பாகம் 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ, 45 பாகைக்கு மேல் திரும்பினாலோ அது விலகிய துண்டு. இன்றும் டாக்டர்கள் 'ரெண்டு துண்டு, மூணு துண்டு, நாலு துண்டு' என்று பேசிக்கொள்வது இந்தக் கணக்குத்தான். விலகாமல் ஒடிந்ததற்குப் பொதுவாக ஆப்பரேஷன் பேச்சே வராது. வாதமெல்லாம் விலகியவற்றைப் பற்றியது.

நாலு வழிகள்

முதல் வழி தூளி. கையின் பாரமே எலும்பை மெல்ல இழுத்து நேராக்கும். மூன்று வாரம் போலத் தூளியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாகக் கையை அசைக்க வைப்பார்கள். இந்த இடத்தில் இரத்த ஓட்டம் நல்லபடியாக இருப்பதால் எலும்பு பெரும்பாலும் தானே கூடிவிடும். கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் கை வேலை செய்யும். தோள் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு என்பதால் சிறு கோணலைப் பொறுத்துக்கொள்கிறது.

இரண்டாவது வழி தகடு. தோளின் முன்பக்கத்தையோ பக்கவாட்டையோ திறந்து, துண்டுகளைப் பொருத்தி, எலும்பின் மேல் தகட்டை வைத்துத் திருகுவார்கள். 2000ஆம் ஆண்டுகளில் பரவிய புதுத் தகடுகளில், திருகாணியின் தலை தகட்டோடேயே மரை போட்டுப் பூட்டிக்கொள்ளும். மெலிந்த எலும்பிலும் பிடிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆனாலும் உளுத்த கட்டையில் அடித்த ஆணி அசைவது போல, சிலருக்குத் தலை சரிந்து திருகாணி மூட்டுக்குள் வந்துவிடுகிறது. சிலருக்கு இரத்த ஓட்டம் அறுந்து பந்துப் பகுதியே செத்துப்போகிறது.

மூன்றாவது வழி உள்ளாணி. தோளின் உச்சியில் சிறிதாக வெட்டி, எலும்பின் நடுத் துவாரத்துக்குள் நீளமான ஆணியை இறக்கி, குறுக்கே திருகாணிகள் போடுவார்கள். வெட்டு சின்னது. ஆனால் ஆணி இறங்கும் வழியில் தோளைத் தூக்கும் தசைநார் இருக்கிறது. அதைக் கீறித்தான் இறக்க வேண்டும்.

நாலாவது வழி செயற்கை மூட்டு. பந்து நொறுங்கிப்போனால் அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது பழைய முறை. இப்போது அதிகம் பேசப்படுவது தலைகீழ் மூட்டு. பந்தைத் தோள்பட்டைப் பக்கத்திலும் குழியைக் கைப் பக்கத்திலும் மாற்றி வைப்பார்கள். பிரான்ஸில் பால் கிராமோன் என்ற மருத்துவர் 1985இல் உருவாக்கிய யோசனை இது. சின்னத் தசைநார்கள் கிழிந்திருந்தாலும், தோளை மூடியிருக்கும் பெரிய தசை ஒன்றே கையைத் தூக்கிவிடும் என்பது இதன் சூட்சுமம்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

என் பெரியம்மா ஒருவரை வைத்து நான் சட்டம் போடக் கூடாது. உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தகடு வைத்து நன்றாக இருக்கிறது என்றால், அதை வைத்து நீங்களும் போடக் கூடாது. பல பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று என்று செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிரிட்டனில் அப்படிச் செய்தார்கள். 32 ஆஸ்பத்திரிகளில், விலகி ஒடிந்த தோளோடு வந்த 250 பேர். சராசரி வயது 66. பாதிப் பேருக்கு ஆப்பரேஷன், பெரும்பாலும் தகடு. பாதிப் பேருக்குத் தூளி. இரு பக்கத்தாருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், வலியிலும் கை வேலை செய்வதிலும் இரு பக்கத்தாருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான்.

சுவீடனில் 2011இல் வந்த ஆய்வு ஒன்று 60 பேரைப் பற்றியது. மூன்று துண்டாக ஒடிந்தவர்கள், சராசரி வயது 74. தகடு வைத்தவர்களின் கை கொஞ்சம் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. ஆனால் அவர்களில் நூற்றுக்கு 30 பேர் மறுபடியும் ஆப்பரேஷன் மேசைக்குப் போக வேண்டியிருந்தது. 2022இல் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட 47 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. விலகி ஒடிந்த பெரும்பாலோருக்கு, ஒரு வருஷத்திலும் இரண்டு வருஷத்திலும் ஆப்பரேஷனால் கூடுதல் நன்மை இல்லை. மறு ஆப்பரேஷன் தொல்லை கூடுகிறது என்பதே அதன் தீர்ப்பு.

சரி, ஆப்பரேஷன்தான் என்று முடிவானால் தகடு நல்லதா, உள்ளாணி நல்லதா? சீனாவில் 2011இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு துண்டாக ஒடிந்த 51 பேரை ஒப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் கையின் நிலை இரண்டிலும் ஒன்றுதான். தொல்லைகள் தகட்டில் அதிகம். பிரேசிலில் 2016இல் வந்த ஆய்வில் 72 பேர். ஒரு வருஷத்தில் கையின் நிலை இரண்டிலும் ஒன்றுதான். அங்கே தொல்லையும் மறு ஆப்பரேஷனும் ஆணியில் அதிகம்! இதிலிருந்து நான் புரிந்துகொள்வது ஒன்று. எந்த இரும்பு என்பதைவிட, அந்த டாக்டரின் கை எதில் பழகியிருக்கிறது என்பது முக்கியம். "தகடுதான் வேணும், ஆணி வேணாம்" என்று நாம் அடம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

தலைகீழ் மூட்டு? நார்வேயில் 65 முதல் 85 வயது வரையுள்ள, மோசமாக நொறுங்கிய 124 பேரிடம் தகட்டோடு ஒப்பிட்டார்கள்; 2020இல் முடிவு வந்தது. இரண்டு வருஷத்தில் நூற்றுக்குப் போடும் மதிப்பெண்ணில் தலைகீழ் மூட்டுக்கு 68, தகட்டுக்கு 55க்குச் சற்றுக் குறைவு. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அது தகட்டோடு செய்த ஒப்பீடு என்பதைக் கவனியுங்கள். ஸ்பெயினில் 2019இல் வந்த ஆய்வு, 80 வயது தாண்டியவர்களிடம் தலைகீழ் மூட்டைத் தூளியோடு ஒப்பிட்டது. ஒரு வருஷத்தில் கிடைத்த கூடுதல் நன்மை மிகச் சிறிது.

யாரைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்?

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, "சங்கத்துப் பேப்பர்ல ஆப்பரேஷன் வேணாம்னு போட்டிருக்கான்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டன் ஆய்விலேயே, கட்டாயம் ஆப்பரேஷன் வேண்டும் என்று டாக்டர்கள் கண்டவர்களைச் சேர்க்கவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர், ஒடிந்ததோடு பந்து குழியை விட்டே நழுவியவர், பந்து இரண்டாகப் பிளந்தவர், இரத்தக் குழாய் அறுந்தவர், தலையும் தண்டும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து நிற்பவர் போன்றவர்களுக்குக் கத்தி தேவைப்படலாம். இதை எக்ஸ்ரேயும் டாக்டரும்தான் சொல்ல முடியும்.

எனக்குத் தெரிந்த ஜாகா ஒருவர், 66 வயது. செம்மண் பாதையில் மோட்டார் சறுக்கி விழுந்தார். பந்து குழியை விட்டு நழுவியிருந்தது. வீட்டில் என்ன செய்தார்கள்? எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரிடம் கொண்டுபோனார்கள். பத்து நாள் நீவினார்கள். பதினோராம் நாள் விரல் மரத்துப்போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முதல் நாளே எளிதாக முடிந்திருக்க வேண்டியது பெரிய ஆப்பரேஷனாயிற்று. அவர் விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

நம் ஊர்ப்பக்கம் புத்தூர்க் கட்டு என்று சொன்னால் தெரியாதவர் இல்லை. இங்கே சின்சேயும் உண்டு, போமோவும் உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒடிந்த தோளை எக்ஸ்ரே எடுக்குமுன் யாரும் இழுக்கவோ நீவவோ கூடாது. அக்குளுக்குள்ளே கைக்குப் போகும் இரத்தக் குழாயும் நரம்புகளும் கட்டாக ஓடுகின்றன. எலும்பு முனை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இழுத்தால் அவை கிழியும். விரல் வெளுத்தால், சில்லிட்டால், மரத்தால், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போனால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. விழுந்த இரண்டு மூன்று நாளில் முழங்கை வரைக்கும் நெஞ்சு வரைக்கும் கறுத்து நீலம் பாரிக்கும். "அழுகிப்போச்சு" என்று பயந்துவிடாதீர்கள். ஒடிந்த எலும்பிலிருந்து கசிந்த இரத்தம் கீழே இறங்குவது அது. வீங்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்; வீங்கினபின் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

நம்மவர்கள் டாக்டர் முன்னால் கை கட்டி நிற்போம். வெளியே வந்து லயத்தில் வழக்காடுவோம். உள்ளேயே கேளுங்கள். எத்தனை துண்டு, எவ்வளவு விலகியிருக்கிறது? ஆப்பரேஷன் செய்யாவிட்டால் ஆறு மாதம் கழித்து இந்தக் கை எப்படி இருக்கும்? செய்தால் எப்படி இருக்கும்? திருகாணி நழுவவோ, மறு ஆப்பரேஷன் வரவோ வாய்ப்பு எவ்வளவு? இனிப்பு நீரும் இருதய நோயும் உள்ள இந்த உடம்புக்கு மயக்க மருந்து தாங்குமா? பயிற்சி எப்போது தொடங்குவது, யார் சொல்லித் தருவார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் தூளி போதும் என்றால் நம்புங்கள்; ஆப்பரேஷன் வேண்டும் என்றாலும் நம்புங்கள். பதறாத காரியம் சிதறாது. மேலே சொன்ன அவசரங்கள் இல்லாதவருக்கு, யோசிக்கச் சில நாள் அவகாசம் உண்டு.

பயிற்சிதான் பாதி வைத்தியம்

பெரியம்மாவுக்குத் தகடு வைத்தபின் இரண்டு மாதம் கையை அசைக்கவே விடவில்லை. "இரும்பு வெச்சிருக்கு, ஆட்டாதீங்க" என்று ஆளுக்கு ஆள் அதட்டினோம். பாசத்தால் செய்த கெடுதல் அது. தோள் மூட்டு சும்மா வைத்தால் பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதிகம் விலகாமல் ஒடிந்தவர்களைப் பற்றியது. ஒரு வாரத்துக்குள் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, மூன்று வாரம் கட்டி வைத்தவர்களைவிட வலியும் குறைவு, கையும் நன்றாக வந்தது.

எப்போது எதைத் தொடங்குவது என்பதை டாக்டரிடமோ பிசியோதெரப்பி செய்பவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான வரிசை இது:

முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கையை மடக்கி நீட்டுவது. இரவில் தலையணைகளை அடுக்கி, அல்லது ஈஸி சேரில், பாதி சாய்ந்து படுப்பது. மல்லாந்து படுத்தால் வலி கொல்லும்.

டாக்டர் சொன்னபின், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, ஒடிந்த கையைக் கிணற்று வாளிக் கயிறு போலத் தளரத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும், வட்டமாகவும் மெல்ல ஆட்டுவது.

அடுத்து, படுத்துக்கொண்டு விளக்குமாற்றுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தில் மற்றதைத் தூக்குவது.

ஆறு வாரம் போல ஆனபின், சுவரில் விரலால் நடந்து மேலே ஏற்றுவது. எட்டின இடத்தில் தினமும் ஒரு கோடு போடுங்கள். பலம் ஏற்றும் பயிற்சிகள் மூன்று மாதம் போல ஆனபின் வரும்.

என் பக்கத்து வீட்டு அத்தை ஒருவருக்கு 69 வயது. பெரியம்மாவுக்கு நேர்ந்தது போலவே ஒடிந்தது. தூளி மட்டுந்தான் போட்டார்கள். அடுப்பங்கரைச் சுவரில் பேத்தி சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். முதல் கோடு இடுப்பு உயரம். ஏழாம் மாதக் கோடு நெற்றி உயரம். அதற்கு மேல் ஏறவில்லை. மேல்தட்டு டப்பாவை எடுக்க இன்றும் பேத்தியைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் தன் தலையைத் தானே வாருகிறார், தோசை சுடுகிறார், கோயிலில் கை கூப்புகிறார். முழுக் கை திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்ததால் அவருக்கு மனக்குறையும் இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரு வருஷம் வரைக்கும் கை முன்னேறிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

காசும் உரிமையும்

வேலை நேரத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ விழுந்திருந்தால், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவில் உரிமை உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நாலு நாளும் அதற்கு மேலும் டாக்டர் ஓய்வு எழுதினால், சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். 60 வயது தாண்டியும் வேலையில் இருப்பவருக்கு வேலை விபத்துப் பாதுகாப்பு தொடர்கிறது. நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 முதல் இது உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நம் மலாக்காவிலேயே, ஹங் துவா ஜெயா பக்கம், பெர்கேசோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. சந்தா கட்டிய தொழிலாளி, விபத்துக்குப்பின் கை காலுக்குப் பலம் ஏற்றி மறுபடி வேலைக்குத் திரும்புவதற்கென்றே கட்டியது. உம்பாயிலிருந்து காடியில் போகும் தூரந்தான். ஆனால் எத்தனை பேர் போயிருக்கிறோம்? கமிட்டிக்காரர்கள் பெர்கேசோவில் கேட்டு அனுப்பிவைக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் முடிவானால், தகடு, ஆணி, செயற்கை மூட்டு போன்ற கருவிக்கு மட்டும் தனியாகப் பணம் கேட்கலாம். உடனே வளையலைக் கழற்றாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச் சமூகநலப் பிரிவு இருக்கிறது. தாபோங் பந்துவான் பெருபாத்தான் உதவி நிதியைப் பற்றி அங்கே கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019இல் வந்த பேக்கா பி40 திட்டத்தில், மருத்துவக் கருவிக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. இந்தக் கருவிக்குப் பொருந்துமா என்று கேட்டு மனுப் போடுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கென்று 2022 டிசம்பரில் ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் அதில் சேர 55 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். தோள் ஒடிவதோ அந்த வயதுக்குப் பிறகுதான் அதிகம்! பேரப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைத்து, மகனையும் மருமகளையும் வேலைக்கு அனுப்புகிற பாட்டிமார் செய்வது வேலை இல்லையா? இதைச் சங்கம் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

ஒரு முறை ஒடிந்த எலும்பு, அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. எலும்பு மெலிவுக்கு மருந்து உண்டு. டாக்டரிடம் அதையும் கேட்டு வாங்குங்கள். நம் கடலோரத்து நெத்திலி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, தயிர் எல்லாம் எலும்புக்கு நல்லது. தலைசுற்ற வைக்கும் மாத்திரை, கண் புரை, இரவில் இனிப்புக் குறைந்து வரும் மயக்கம், இவையெல்லாம் விழ வைப்பவை, கவனியுங்கள்.

கூடுதலாக எதுவும் வேண்டாம். குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, பாசி பிடிக்காத தரை, ராத்திரியில் எரியும் ஒரு விளக்கு. லயமானால் நிர்வாகத்திடம் கேளுங்கள். தாமான் வீடானால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மகன்மார் ஆணி அடித்துவிடலாம். தோட்டக் கமிட்டிகளுக்கு ஒன்று சொல்வேன். ஆப்பரேஷனுக்கு என்று நன்கொடை திரட்டத் தெரிந்த நாம், வாரம் ஒரு நாள் பிசியோதெரப்பிக்கு நாலு வயசாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன் ஏற்பாடு செய்யலாமே. பஸ் இல்லை, கொண்டுபோக ஆள் இல்லை என்று பாதியில் நின்றுபோகிற பயிற்சிகளால்தான் நம் வீட்டுக் கைகள் பூட்டிக்கொள்கின்றன.

என் பெரியம்மா இப்போது தினமும் சுவரில் விரல் நடக்கிறார். தாமதம்தான். நேற்றைய கோடு போன மாதக் கோட்டைவிட ஒரு விரல் உயரம்.